மழை தரும் நாகம் – சீனத்து டிராகனைப் பற்றிச் சில செய்திகள்

எனக்கு அப்போது ஏழு வயது. 1961ஆம் வருஷம். பள்ளிக்கூடம் திறக்கும் முன் அப்பா எங்களையெல்லாம் பென்டிங்க் தெருவுக்கு அழைத்துப் போவார். கல்கத்தாவில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு அந்தத் தெரு மறந்திருக்காது. இரண்டு பக்கமும் சீனர்களின் செருப்புக் கடைகள். காகிதத்தில் காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அளவெடுப்பார்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். அதில் சிவப்பும் பொன்னுமாக, மீசை வைத்த ஒரு நீளமான பாம்பு மேகத்துக்குள் வளைந்து வளைந்து போகும்.

பள்ளியில் ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த பையன் நான். ஈட்டியும் குதிரையுமாக ஒரு வீரன் டிராகனைக் குத்தும் படம் அதில் உண்டு. எனவே கடைக்காரப் பெரியவரிடம், "இது வாயிலேர்ந்து நெருப்பு கக்குமா?" என்று கேட்டேன். அப்பா அதை இந்தியில் எடுத்துச் சொன்னார். பெரியவர் கோந்து ஒட்டிய கையை ஆட்டிச் சிரித்தார். "ஆக் நஹி, பானி, பானி" என்றார். நெருப்பு இல்லையாம், தண்ணியாம்!

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. வேலையில் இருந்தபோதும் ஓய்வு பெற்ற பிறகும், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். நம் சங்க மலரில் அதில் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. நான் ஆராய்ச்சியாளன் அல்லன், ஆர்வமுள்ள வாசகன், அவ்வளவுதான்.

பெயரில் தொடங்கிய குழப்பம்

சீனர்கள் இந்தப் பிராணியை 'லுங்' என்கிறார்கள். மாண்டரின் மொழியில் 'லொங்' என்று கேட்கும். சீனாவுக்குப் போன ஐரோப்பியர்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள்: டிராகன். ஐரோப்பாவின் டிராகன் வேறு ரகம். அது குகையில் புதையலைக் காக்கும், நெருப்பைக் கக்கும், ஊரை அழிக்கும், கடைசியில் ஒரு வீரன் கையால் சாகும். கிறிஸ்தவ மரபில் அது சாத்தானின் உருவமாகவும் ஆனது.

சீனத்து லுங் இதில் எதையும் செய்வதில்லை. அதன் வீடு தண்ணீர். ஆறு, குளம், கடல், கிணறு, மேகம், மழை எல்லாம் அதன் ஆட்சி. அதைக் கொல்ல யாரும் புறப்படுவதில்லை, வரச்சொல்லித்தான் கும்பிடுகிறார்கள். கோபம் வந்தால் வெள்ளம் வரும், உண்மைதான். ஆனால் அது மழைக்கு உரிய கோபம், பேய்க்கு உரிய கோபம் அல்ல.

தமிழில் நாமும் 'டிராகன்' என்றே எழுதுகிறோம். சிலர் 'பறவை நாகம்' என்பார்கள். ஆனால் சீன லுங்குக்குப் பெரும்பாலும் சிறகே கிடையாது. சிறகில்லாமலே பறக்கும். என் பாட்டி அந்தப் பலகையைப் பார்த்திருந்தால், "நம்ம கோயில் யாளி மாதிரின்னா இருக்கு" என்றிருப்பாள். பல மிருகங்களின் அங்கத்தைச் சேர்த்துச் செய்த உருவம் என்ற அளவில் பாட்டி சொல்வதும் சரியாகத்தான் இருந்திருக்கும். லுங்குக்கு ஒன்பது சாயல் என்று சீனப் பழைய நூல்கள் கணக்குச் சொல்கின்றன. மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், பசுவின் காது என்று அந்தப் பட்டியல் போகும். செதில்கள் எண்பத்தொன்று. ஒன்பதை ஒன்பதால் பெருக்கிய எண் அது. ஒன்பது அவர்களுக்கு வான்சக்தியின் எண்.

எவ்வளவு பழையது?

1987இல் ஹெனான் மாநிலத்தில் பூயாங் என்ற ஊரில் ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. நடுவில் ஒரு மனிதரின் எலும்புக்கூடு. அதன் கிழக்குப் பக்கம் வெள்ளைச் சிப்பிகளை அடுக்கிச் செய்த ஒரு லுங், மேற்குப் பக்கம் அதேபோல ஒரு புலி. கிழக்குக்கு நாகம், மேற்குக்குப் புலி என்பது பிற்காலச் சீன மரபில் எல்லாரும் அறிந்த திசைக் காவல். அந்த நம்பிக்கையின் வேர் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ என்று அறிஞர்கள் வியந்தார்கள்.

உள் மங்கோலியாவில் 1971இல் கிடைத்த இன்னொன்று, பச்சைக் கல்லில் செதுக்கிய, வளையம் போல் சுருண்ட ஒரு நாகம். உயரம் 26 சென்டிமீட்டர். ஹோங்ஷான் பண்பாட்டைச் சேர்ந்தது என்கிறார்கள்; வயது சுமார் 5000. அதற்குப் பிறகு, ஷாங் அரச காலத்தில், ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் குறி கேட்டுப் பொறித்த எழுத்துகளில் 'லுங்' என்ற எழுத்தே வந்துவிடுகிறது. தலையில் கொம்பு, வளைந்த உடல். எழுத்தே ஒரு சித்திரம். இன்றைக்கும் சீனர்கள் எழுதுவது அதன் வழிவந்த எழுத்துதான். அரசர்களும் அரண்மனைகளும் லுங்கைத் தமதாக்கிக்கொள்ள இன்னும் வெகுகாலம் இருந்தது என்பதை இங்கே மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வானத்தில் படுத்திருக்கும் நாகம்

கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்ற அறிஞர் ஒரு பெரிய அகராதி தொகுத்தார். அதில் லுங்குக்கு அவர் தரும் விளக்கத்தின் சாரம் இது: செதில் உள்ள உயிர்களுக்கெல்லாம் தலைமை, மறையவும் வெளிப்படவும் வல்லது, சிறுக்கவும் பெருக்கவும் வல்லது, வசந்த காலத்தில் வானம் ஏறும், இலையுதிர் காலத்தில் ஆழ்நீரில் இறங்கும்.

இது என்ன புதிர் என்று நானும் தலையைச் சொறிந்திருக்கிறேன். விடை வானத்தில் இருக்கிறது. சீனர்கள் வானப் பாதையை 28 மனைகளாகப் பிரித்தார்கள், நாம் 27 நட்சத்திரமாகப் பிரித்ததுபோல. அதில் கிழக்குப் பகுதியின் ஏழு மனைகளும் சேர்ந்து 'பச்சை நாகம்'. முதல் மனைக்குப் பெயர் 'கொம்பு'. அதன் முக்கிய விண்மீன் நம்முடைய சித்திரை. நாகத்தின் இருதயம் நம்முடைய கேட்டை. அதன் வால் இருக்கும் இடத்தில் நமக்கு மூலம். இடையில் விசாகம், அனுஷம் எல்லாம் அந்த நாகத்தின் உடம்பிலேயே வருகின்றன. வாசகர்களில் கேட்டை நட்சத்திரக்காரர்கள் இருந்தால், நீங்கள் நாகத்தின் நெஞ்சில் பிறந்தவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

வசந்த காலத்தில் இருட்டியதும் கிழக்கு அடிவானத்தில் முதலில் கொம்பு தெரியும். நாள் ஆக ஆக முழு நாகமும் மேலே ஏறும். கோடையில் தெற்கு வானம் முழுக்க நீண்டு கிடக்கும். இலையுதிர் காலத்தில் மேற்கே இறங்கி மறையும். சீனாவில் மழை தொடங்குவதும், பயிர் வளர்வதும், அறுவடை முடிவதும் இதே கணக்குதான். அவர்களுடைய இரண்டாம் மாதத்து இரண்டாம் நாளை 'நாகம் தலை தூக்கும் நாள்' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி வரும். உழவனுக்கு அது வானத்தில் எழுதிவைத்த பஞ்சாங்கம். பென்டிங்க் தெருப் பெரியவர் சொன்ன 'பானி' இதுதான்.

'யி ஜிங்' என்ற பழைய குறிநூலின் முதல் குறியும் நாகத்தை வைத்தே பேசுகிறது. முதலில் அது நீருக்குள் மறைந்திருக்கிறது, அப்போது செயலில் இறங்காதே. பிறகு வயலில் தெரிகிறது, பிறகு வானில் பறக்கிறது. அளவுக்கு மீறி உயரப் போன நாகம் வருந்தும் என்று முடிகிறது. அரசியல்வாதி, அதிகாரி, வியாபாரி எல்லாருக்கும் பொருந்தும் புத்திமதி.

மழைக்குக் களிமண் நாகம்

ஹான் அரச காலத்தில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் தொங் சோங்ஷூவின் பெயரால் வழங்கும் நூலில், மழை வேண்டிச் செய்யும் சடங்கு விவரமாக வருகிறது. களிமண்ணால் நாகங்கள் செய்ய வேண்டும். வசந்தத்தில் பச்சை, கோடையில் சிவப்பு, இலையுதிர் காலத்தில் வெள்ளை, குளிர்காலத்தில் கறுப்பு. அவற்றின் முன்னே ஆட வேண்டும். புத்தாண்டில் கழிகளில் தூக்கி ஆடும் நாக நடனத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. நாம் அதை வேடிக்கை என்று பார்க்கிறோம். அது தொடக்கத்தில் ஒரு வேண்டுதல்.

பிற்காலத்தில் ஊர்தோறும் நாகராஜன் கோயில்கள் வந்தன. மழை பெய்யாவிட்டால் முதலில் படையல். அப்படியும் இரங்காவிட்டால், சிலையைக் கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டுவந்து வெட்ட வெயிலில் வைத்துவிடுவார்களாம். "நாங்க படற பாட்டை நீயும் கொஞ்சம் பட்டுப் பாரு" என்கிற கணக்கு. தெய்வத்தோடு இவ்வளவு உரிமையாகச் சண்டை போடுவது நமக்கொன்றும் புதிதல்லவே!

ராஜா எடுத்துக்கொண்ட நாகம்

ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியூ பாங் உழவர் குடியில் பிறந்தவர். கி.மு. 202இல் பேரரசர் ஆனார். அவருடைய தாய் ஒரு குளக்கரையில் உறங்கியபோது நாகம் வந்து படர்ந்ததால் அவர் பிறந்தார் என்ற கதை, சீனாவின் முதல் பெரும் வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய நூலிலேயே பதிவாகியிருக்கிறது. பரம்பரைப் பெருமை இல்லாத ஒருவருக்கு வானத்தோடு உறவு தேவைப்பட்டது. நாகம் அதைக் கொடுத்தது. அதன் பின் அரியணை நாக அரியணை ஆயிற்று, அரச உடை நாக உடை ஆயிற்று.

1314இல் மங்கோலிய யுவான் அரசு ஒரு தடை போட்டது. ஐந்து நகமும் இரண்டு கொம்பும் உள்ள நாகத்தைச் சாதாரண மக்கள் உடையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று. அதன் பிறகு வந்த மிங், சிங் அரசுகளிலும் ஐந்து நகம் பேரரசருக்கே அடையாளம், மற்றவர்களுக்கு நான்கு. பழைய பீங்கானைப் பார்க்கும் வல்லுநர்கள் முதலில் நாகத்தின் நகத்தைத்தான் எண்ணுவார்கள்.

சிங் பேரரசரின் உடையில் ஒன்பது நாகங்கள். மார்பு, முதுகு, இரண்டு தோள், கீழே முன்னும் பின்னும் இரண்டிரண்டு. கூட்டினால் எட்டுதான் வரும். ஒன்பதாவது, மேல்மடிப்புக்கு உள்ளே மறைந்திருக்கும். மறைந்திருப்பதும் நாகத்தின் குணம் என்பதை அரசவைத் தையற்காரரும் மறக்கவில்லை.

பெய்ஜிங் அரண்மனை நகரத்தில் 1770களின் தொடக்கத்தில் எழுப்பிய ஒன்பது நாகச் சுவர், வண்ணம் ஏற்றிச் சுட்ட ஓடுகளால் ஆனது. அதில் ஒரு நாகத்தின் வயிற்றில் ஒரு துண்டு மட்டும் மரம். வேலை நடக்கும்போது ஓடு உடைந்துபோக, தண்டனைக்குப் பயந்த ஒரு கைவினைஞர் இரவோடிரவாக மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிப் பொருத்திவிட்டார் என்று கதை. அரசனின் நாகத்திலும் ஓர் ஏழைத் தொழிலாளியின் கை இருக்கிறது என்பதால் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

1878இல் சீனா முதன்முதலாகத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இருந்தது நாகம். அரசின் கொடியிலும் நாகம். 1912இல் கடைசிப் பேரரசர் அரியணை துறந்தார். அரச நாகம் போயிற்று. ஆனால் மழை நாகம் போகவில்லை. அது அரசர்களுக்கு முன்பே இருந்தது, பின்னும் இருக்கிறது.

கண் திறந்தால் பறந்துவிடும்

ஆறாம் நூற்றாண்டில் சாங் செங்யோவ் என்ற ஓவியர் நான்ஜிங் நகரத்துக் கோயில் சுவரில் நான்கு நாகங்களை வரைந்தாராம். கண்ணை மட்டும் வைக்கவில்லை. "வைத்தால் பறந்துவிடும்" என்றார். யாரும் நம்பவில்லை. வற்புறுத்தியதால் இரண்டுக்கு மட்டும் கண் வைத்தார். இடி இடித்தது, சுவர் பிளந்தது, அந்த இரண்டும் வானேறிப் போயின. கண் வைக்காத இரண்டும் சுவரிலேயே தங்கின. ஒரு காரியத்துக்கு உயிர் கொடுக்கும் கடைசித் தொடுகையை, 'நாகத்துக்குக் கண் வைத்தல்' என்று சீனத்தில் இன்றும் சொல்கிறார்கள். புது நாகத்தை ஆட எடுக்கும் முன் மையால் கண் தீட்டும் சடங்கும் உண்டு. நம் சிற்பிகள் விக்கிரகத்துக்குக் கடைசியில் கண் திறப்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாக ஓவியங்களில் தலைசிறந்தது எது என்றால் பலரும் சொல்வது, சென் ரொங் 1244இல் வரைந்த 'ஒன்பது நாகங்கள்' சுருள். இப்போது அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்பதரை மீட்டருக்கும் மேல் நீளம், பெரும்பாலும் கறுப்பு மை. குடித்துவிட்டு, சத்தம் போட்டு, தொப்பியை மையில் தோய்த்து மேகம் வரைவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். படத்தில் எந்த நாகமும் எளிதில் முழுசாகப் பிடிபடாது. மேகத்துக்குள் ஒரு நகம், அலைக்குள் ஒரு முதுகு, பாறைக்குப் பின்னால் ஒரு முகம். தாவோ நெறியினர் மெய்ப்பொருளைப் பற்றிச் சொல்வதும் இதுதான். அது எங்கும் இருக்கிறது, ஆனால் ஒரேயடியாகக் காட்சி தராது.

நாகமும் லுங்கும் கைகோத்த கதை

இங்கே நம் நாட்டுக்கு ஒரு நேரடித் தொடர்பு வருகிறது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள், 'நாகம்', 'நாகராஜன்' என்ற சொற்களுக்கு என்ன போடுவது என்று யோசித்தார்கள். நாகமும் நீரில் வாழ்வது, மழை தருவது, மணியைக் காப்பது. 'லுங்' என்றே போட்டுவிட்டார்கள். 'நாகராஜன்' என்பது 'லுங் அரசன்' ஆயிற்று. தென்னாட்டோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பௌத்த ஞானி நாகார்ஜுனரின் சீனப் பெயருக்கே 'லுங் மரம்' என்று பொருள். நாகலோகத்திலிருந்து அவர் ஞான நூல்களைக் கொண்டுவந்தார் என்பது மரபு.

குமாரஜீவர் கி.பி. 406இல் பெயர்த்த தாமரைச் சூத்திரத்தில் சாகர நாகராஜனின் எட்டு வயது மகள் வருகிறாள். விலைமதிப்பில்லாத ஒரு மணியைப் புத்தருக்குக் கொடுத்து, அந்தக் கணமே ஞானம் அடைகிறாள். பெண்ணால் முடியுமா என்று சந்தேகப்பட்ட பெரியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்தியச் சொல்லும் சீனச் சொல்லும் ஒன்றையொன்று சரியாக அடையாளம் கண்டுகொண்டன. நடுவில் ஓர் ஐரோப்பியச் சொல் வந்து அந்த அடையாளத்தை மறைத்துவிட்டது.

தமிழுக்கு மேலே இரண்டு நாகங்கள்

இன்னொரு சாட்சி கல்லில் இருக்கிறது. மிங் பேரரசர் யொங்லேயின் கடற்படைத் தளபதி செங் ஹெ, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கல்வெட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தார். மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. தமிழ்ப் பகுதி, இலங்கையின் தென்கோடியில் கோயில் கொண்ட தெனவரை நாயனார் என்ற பெருமாளுக்கு. கல்லின் உச்சியில், மணியை நடுவில் வைத்து எதிரெதிரே இரண்டு நாகங்கள்.

1911இல் காலி நகரில் ஒரு சாக்கடைப் பாலத்துக்கு மூடுகல்லாகக் கிடந்த இதைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பேரரசரின் நாகத்தின் நிழலில் நம் எழுத்து இருக்கிறது. யாரும் யாரையும் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. அதே செங் ஹெ பின்னர் இலங்கையில் போரும் செய்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தக் கல் மூன்று தெய்வங்களுக்கும் மரியாதை செய்கிறது.

கடைசியாக, அந்தக் கடை

1962 அக்டோபரில் சீனப் போர் வந்தது. பத்திரிகைகளிலும் பேச்சிலும் சீனா என்றால் நெருப்புக் கக்கும் டிராகன். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். சிலர் 1967 வரை உள்ளே இருந்தார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். கல்கத்தாவில் மிஞ்சியவர்கள் போலீஸ் நிலையத்தில் பதிவு செய்து, அனுமதி வாங்கி நடமாடினார்கள். பிறகு மெல்ல மெல்லக் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போனார்கள். ஒரு காலத்தில் பெரிய சமூகமாக இருந்தவர்கள் இன்று சில ஆயிரம் பேர்தான்.

1963இல் செருப்பு வாங்கப் போனபோது எங்கள் கடை பூட்டியிருந்தது. பலகையும் இல்லை. "எங்கேப்பா போனாங்க?" என்று கேட்டேன். "தெரியலைடா" என்றார் அப்பா. பக்கத்துக் கடையில் கேட்டிருக்கலாம். அப்பா கேட்கவில்லை. அந்த வருஷம் அப்படிக் கேட்பதற்கே எல்லாருக்கும் பயம். நானும் பள்ளிக்கூடத்தில் பையன்களோடு சேர்ந்து 'டிராகன்' என்று கத்தியவன்தான். வெளியூரில் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. இன்னொரு பிழைக்க வந்த குடும்பத்துக்கு நேர்ந்தது என்னவென்று கேட்காமல் விட்டோமே என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.

2024 பிப்ரவரியில் நாக ஆண்டு பிறந்தது. நாக ஆண்டில் பிறக்கும் குழந்தை அதிர்ஷ்டக் குழந்தை என்பது சீனர் நம்பிக்கை. 2023இல் 90.2 லட்சமாக இருந்த சீனாவின் பிறப்புகள் 2024இல் 95.4 லட்சம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். அந்தப் புத்தாண்டுக்குப் பேத்தியை டாங்ராவுக்கு அழைத்துப் போனேன். மேளமும் ஜால்ராவுமாக நாகம் தெருவில் வளைந்து வளைந்து வந்தது. கழி பிடித்து ஆடியவர்களில் வங்காளிப் பையன்களும் இருந்தார்கள்.

பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இது நெருப்பு விடுமா?" என்றாள்.

"இல்லைடா கண்ணு, மழை விடும்" என்றேன்.

அந்தப் பெரியவர் எனக்குச் சொன்னதை அறுபத்து மூன்று வருஷம் கழித்தாவது சரியாகச் சொல்ல முடிந்தது.